ரெண்டாவது டிவி

சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை என்று அந்தச் சின்னக் கட்டம் கறுப்புத் திரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒருதரம் சொன்னால் போதாதா, எனக்கென்ன கண்ணா தெரியவில்லை. மணி பத்தேகால். இடது பக்கத்துத் திரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. நேற்றுப் பாதியில் விட்ட பம்ப்பின் மேல்மூடி பச்சைக் கோடுகளாக அதில் நிற்கிறது, அளவு எழுதுவதுதான் பாக்கி. வலது பக்கம்தான் செத்துக்கிடக்கிறது. ஏன் அந்த வார்த்தை வந்தது, வேறு வார்த்தையா கிடைக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, அணைந்து கிடக்கிறது என்று மனசுக்குள் மாற்றிச் சொன்னேன், யாரிடம் சொல்கிறேனோ. நேற்றுச் சாயங்காலம் கிருபாகரன் வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து புதிதாக ஒரு கார்டு போட்டு, விண்டோஸையும் புதிதாக ஏற்றினார். நான் வீட்டிலிருந்து டிராயிங் வரைந்து கொடுக்கிற பம்ப் கம்பெனிக்கு இனிமேல் புது வெர்ஷனில்தான் அனுப்ப வேண்டுமாம், பழைய கம்ப்யூட்டரில் அது ஏறாதாம். எல்லாம் முடிகிற நேரத்துக்குக் கரண்ட் போய்விட்டது. "மெயின் மானிட்டர் பாத்துட்டனுங்க்கா. ரெண்டாவதை மட்டும் காலைல நீங்களே மாட்டிக்குங்க, கேபிள் மேசை மேலயே வெச்சிருக்கறேன், ஒரு நிமிச வேலை" என்று இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். ஒரு நிமிஷம். எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். இரண்டேகால் மணி நேரமாக அந்த ஒரு நிமிஷம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, ஒரு போன் வரும், அதில் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் இது சரியாகட்டும், அப்புறம் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வலது திரையில்தான் அவர் இருப்பார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், சென்னியப்பன். பக்கத்து அறையில், கட்டிலில், இரண்டரை வருஷமாக. ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. பூனாவில் இருக்கிற மகள் சிந்துஜாதான் காமிரா வைக்கச் சொன்னாள். முதலில் வந்த ஆயாம்மா பகலெல்லாம் தூங்குகிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். தலைமாட்டுக்கு மேலே சுவரில் ஒரு கண் மாதிரி அதை மாட்டினோம். ஆரம்பத்தில் டிராயிங்குக்கு ஓரமாக ஸ்டாம்ப் அளவில் வைத்திருந்தேன். பிறகு உள்ளங்கை அளவு. பிறகு ஒரு திரை முழுக்க அவர், ஒரு திரை முழுக்க பம்ப். ஆயாம்மா போய் லூர்துமேரி வந்தாள், தங்கமான மனுஷி, அவளைக் கண்காணிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் காமிராவை எடுக்கவில்லை. அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர். என் நாற்காலியிலிருந்து அவர் கட்டிலுக்குப் பன்னிரண்டு அடி வைத்தால் போதும். ஒரு பெண்டாட்டி தன் புருஷனை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பார்க்கிறாள் என்றால் ஊரில் யார் நம்புவார்கள், நான் பார்க்கிறேன். அவர் புரளப் போகிறார் என்பது அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும், இடது கை முதலில் போர்வையைப் பிடிக்கும். சத்தம் கிடையாது, படம் மட்டும்தான். கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கரே இல்லை, பேசுவதெல்லாம் போனில். சத்தத்துக்கு இந்தக் கணபதி ஏரியாவில் பஞ்சமா என்ன, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை, எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒரு அறையில் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்காது. இடது திரையிலேயே ஒரு ஓரமாக அவரைத் திறந்து வைக்கலாம்தானே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். வைக்கலாம்தான். எழுந்து போய் அந்த அறையிலேயே உட்காரலாம், அதுவும்தான் செய்யலாம். அவர் என்னைப் பார்க்கிற பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். திரையில் நான் அவரைப் பார்ப்பேன், அவர் என்னைப் பார்க்க மாட்டார்.

மறுபடி மேசைக்கு அடியில் போனேன். ஐம்பத்திரண்டு வயசில் மண்டியிட்டு நுழைந்தால் முட்டி இரண்டும் பேசுகிறது. பெட்டியின் பின்பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. இந்தக் கம்ப்யூட்டரை அவர்தான் சேர்த்தார், ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகத் தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்து. எனக்குப் பின்பக்கம் எது என்ன என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன், அதனால் ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் காயத்துக்குப் போடுகிற வெள்ளைப் பிளாஸ்திரியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி எழுதிவைத்தார். பிரிண்டர். கீபோர்டு. நீல ஓட்டைக்குப் பக்கத்தில், ரெண்டாவது டிவி. மானிட்டர் என்று அவர் வாயில் வராது, எல்லாமே டிவிதான். குண்டு குண்டான எழுத்து, ரெண்டாவதில் இருக்கிற ண் மட்டும் மூன்று சுழி போட இடம் பற்றாமல் நசுங்கிப்போயிருக்கும். அந்த எழுத்தை எழுதின கை இப்போது ஒரு தலையணைமேல் இருக்கிறது, லூர்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அதை எடுத்து வேறு பக்கம் வைக்கிறாள். நீலக் கேபிளை நீல ஓட்டையில் செருகி இரண்டு பக்கத்துத் திருகையும் விரல் வலிக்க முறுக்கினேன். காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. வெளியே வந்து பார்த்தால் சிக்னல் இல்லை. அணைத்துப் போட்டேன், வட்டமாகப் புள்ளிகள் சுற்றின, சுற்றட்டும், நானும்தான் சுற்றுகிறேன். திரைகளை இடம் மாற்றி மாட்டிப் பார்த்தேன், அந்தத் திரை நல்ல திரைதான், இந்தக் கேபிளும் நல்ல கேபிளாகத்தான் இருக்க வேண்டும். செட்டிங்கில் போய்த் தேடச் சொன்னால் 1 என்று ஒரே ஒரு சதுரம் காட்டுகிறது. முன்னால் 1, 2 என்று இரண்டு சதுரம் ஒட்டி ஒட்டி நிற்கும். வேறு திரை எதுவும் இல்லை என்கிறது. இல்லையா, கைக்கு எட்டும் தூரத்தில் அது பாட்டுக்கு நிற்கிறது, இல்லை என்கிறாயே.

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோம். காலையிலிருந்து மூன்று தடவை போய்விட்டேன், உள்ளே போகவில்லை, வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்தது. இப்போதும் போய் அங்கேயேதான் நின்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஏறி இறங்கியது. லூர்து கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க்கா, கம்பியூட்டர் சரியாச்சுங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "வந்து உக்காருங்களேன் சித்தநேரம்" என்றாள். வேலை இருக்குது லூர்து என்றேன். என்ன வேலை. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தாலாவது பரவாயில்லை, சண்டை போட்டுப் பழக்கப்பட்டவள் நான். கோபம் இல்லை. என்னவோ சொல்ல வருகிற முகம், வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே நின்றுவிடுகிற முகம். உடனே என் வாய் ஓட ஆரம்பித்துவிடும். தண்ணியா, திரும்பிப் படுக்கோணுமா, பேனைக் குறைக்கோணுமா, சிந்து பேசுனா, நல்லாருக்கறாளாம். அவர் வாயை மூடிக்கொள்வார். இன்றைக்கும் அப்படித்தான், தண்ணியா, தண்ணி வேணுமா என்று கேட்டேன், வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊமையாய் இருக்கிற மனுஷனிடம் சண்டைக்கு நிற்க முடியாது. வந்துவிட்டேன்.

இது இப்போது வந்த வியாதி இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஆரம்பிப்பார், நான் முடிப்பேன். அவர் பேச்சு எப்போதுமே நிதானம், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு பஸ் போகலாம். எனக்கு அந்த இடைவெளி ஆகாது. "சாந்தா, நாளைக்கு வந்து..." என்பார், ஆமா நாளைக்குக் கேஸ் சிலிண்டர் வருது, தெரியும் என்பேன். அவர் சொல்ல வந்தது கேஸ் இல்லை, வேறு ஏதோ, ஆனால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். எத்தனை தடவை விட்டார் என்று யாருக்குத் தெரியும். முப்பது வருஷத்தில் அவர் எனக்குச் சொல்ல வந்து சொல்லாமல் விட்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு ஆள் பேசுகிற அளவு வரும். அவருக்குப் பேச்சு போனபோது ஆஸ்பத்திரியில் என் நாத்தனார் வேடிக்கையாகச் சொன்னாள், அண்ணனுக்கென்ன, அண்ணி இருக்கறாங்க பேசறதுக்கு என்று. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டீச்சரம்மா எட்டு மாதம் வந்தார். ஒண்ணு ரெண்டு சொல்ல வைப்பார், கிழமை சொல்ல வைப்பார். பேச்சு போனாலும் இந்த மாதிரி வரிசையாகப் படித்ததெல்லாம் உள்ளே எங்கோ தங்கியிருக்குமாம், அதைப் பிடித்து இழுத்தால் மற்றதும் வருமாம். அவர் "தி... தி..." என்று திணறுவார், கழுத்து நரம்பு புடைத்து நிற்கும், திங்கள்னு சொல்லுங்க என்பேன். "நீங்க முடிக்கக் கூடாதுங்க மேடம். பொறுமையா இருங்க, அவரே வரட்டும்" என்று டீச்சரம்மா சொல்லுவார். எவ்வளவு நேரம் பொறுமையாக இருப்பது, அது ஒரு வார்த்தை, என் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது, அதைக் கொடுத்தால் என்ன. ஒருநாள் செவ்வாய் என்று நான் சொன்னதும் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தார். முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த வாரம் டீச்சரம்மாவை நிறுத்திவிட்டேன். யாருக்குத் தெரியவில்லை, எனக்குத்தான் தெரியவில்லை.

கிருபாகரனுக்குப் போன் போட்டேன். அவர் என் வீட்டுக்காரரோடு அதே பம்ப் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், இப்போது தனியாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். சிங்காநல்லூரில் எங்கேயோ ரோட்டில் நிற்கிறார் போல, ஹாரன் சத்தம். "விண்டோஸ் பட்டனையும் பி-யையும் சேத்து அமுக்குங்க்கா, எக்ஸ்டெண்டுன்னு வரும்" என்றார். அமுக்கியாச்சு. "ஒருக்கா ஆப் பண்ணிப் போட்டீங்களா?" நாலு தடவை போட்டாச்சு. "செரி, எந்த ஓட்டைல மாட்டியிருக்கறீங்க?" அவர் எழுதி வெச்சிருக்கற ஓட்டைலதான், நீலத்துல என்றேன். "அண்ணன் எழுதுனதுங்களா?" என்றார். அவர்தான் எழுதுனாரு, வேற யாரு எழுதுவா. "அக்கா, அது பழசுங்க. புதுக் கார்டு போட்டதுக்கப்பறம் அந்த ஓட்டை வேலை செய்யாதுங்க. நீங்க எத்தனை தடவை மாட்டுனாலும் அதுல ஒண்ணும் வராது. மேசை மேல ஒரு கறுப்புக் கேபிள் வெச்சனுங்கல்ல, அதைக் கீழ, புதுசா இருக்கற ஓட்டைல மாட்டுங்க." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் எழுதுனது தப்புங்கறீங்களா என்று கேட்டேன். "தப்புன்னு சொல்லலீங்க்கா. அன்னிக்கு அது செரிதானுங்க" என்றார் பாவம். நான் பாக்கறேன் என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு என்ன செய்தேன், கறுப்புக் கேபிளை எடுக்கவில்லை. மறுபடி உள்ளே போய் நீலத்தைக் கழற்றி, ஓட்டையை ஊதி, மறுபடி அதிலேயே மாட்டினேன். ஆறாவது தடவை. படித்த பொம்பிளை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினால் கண்டுபிடிக்கிறவள், வேலை செய்யாது என்று ஒருத்தர் தெளிவாகச் சொன்ன ஓட்டையில் ஆறாவது தடவை மாட்டுகிறாள். ஏன் என்று கேட்டால் இந்த வீட்டில் அவர் என்னிடம் முழுசாகச் சொல்லி முடித்த வார்த்தைகள் அந்தப் பிளாஸ்திரிகளில்தான் இருக்கின்றன, குறுக்கே பேச முடியாமல் நான் கேட்டது அவற்றைத்தான். எழுதினதால் தப்பித்தார்.

பதினொன்றரை. வடவள்ளிப் பக்கம், படுக்கையில் கிடக்கிறவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லத்திலிருந்து ஹேமலதா மேடம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவார். ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது, அதை மூன்று நாளாக எங்களுக்காக வைத்திருக்கிறார்கள். இன்றைக்குச் சரி என்றால் நாளை காலை வண்டி வரும். போன வாரம் போய்ப் பார்த்தேன், குறை சொல்ல முடியாது, வெளிச்சமான அறை, சுத்தமான விரிப்பு, ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு ஜன்னல். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, யாரென்று நினைத்தாரோ. அதை ஏன் இப்போது நினைக்கிறேன். சிந்துஜா முந்தாநாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, "அம்மா, அப்பாவுக்கு எங்க இருக்கறோம்னே தெரியாதும்மா. நம்ம வீடும் அவருக்கு ஒண்ணுதான், அதுவும் ஒண்ணுதான். உனக்குத்தாம்மா முடியல, உன் குரலே சரியில்ல" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை, எனக்கு முடியவில்லை. ஆனால் எல்லாமே அந்த முதல் வரிமேல்தான் நிற்கிறது, அவருக்குத் தெரியாது என்பதன்மேல். தெரியாது என்றால் நான் செய்வது சரி. தெரியும் என்றால், தெரிந்துகொண்டே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்றால், நான் அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்து பம்ப் வரைவேன் என்றால். இரண்டரை வருஷமாகத் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. போன மார்கழியில் ஒருநாள் லூர்து கடைக்குப் போயிருந்தபோது அவருக்கு எச்சில் புரையேறி முகம் கறுத்துப்போனதை அந்தத் திரையில்தான் பார்த்தேன், ஓடிப்போய்ப் புரட்டி முதுகில் அறைந்தேன், மூச்சு வந்தது. இப்போது அந்தத் திரை இல்லை. இப்போது, இந்த நிமிஷம், அவருக்கு என்ன ஆகிறதோ. லூர்து எங்கே. மாடியில் துணி உலர்த்துகிறாள், மேலே பக்கெட் இழுக்கிற சத்தம் கேட்கிறது. அப்படியானால் அவர் தனியாக இருக்கிறார். எழுந்து போ, பன்னிரண்டு அடி. ஆனால் கை கறுப்புக் கேபிளைத்தான் எடுத்தது, ஏனோ அதுதான் சீக்கிரம் என்று பட்டது.

மேசைக்கு அடியில் புது ஓட்டை பளபளவென்று இருந்தது, பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு முனையை அதில் செருகினேன், திருகு கிருகு ஒன்றும் இல்லை, லேசாக உள்ளே போய் நின்றது. நீலத்தைக் கழற்றிச் சுருட்டினேன். பிளாஸ்திரியைத் தொடவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொரு முனையைத் திரையின் முதுகைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து மாட்டினேன். பிடிவாதமாக அலைந்துகொண்டிருந்த கட்டம் மறைந்தது, ஒரு நொடி கறுப்பு, பிறகு வெறும் நீலம், காமிராவைத் திறந்து அங்கே இழுத்துவிட்டதும் அவர் வந்தார். முன்பு பார்த்ததைவிடத் தெளிவாக, போர்வையின் கோடுகள்கூடத் தனித்தனியாகத் தெரிய, கன்னத்தில் லூர்து சவரம் செய்யாமல் விட்ட நரை தெரிய. நெஞ்சு ஏறி இறங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன், அழுகையே வந்துவிட்டது, ஒரு கேபிளுக்காக அழுகிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன். அவர் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. வாய் அசைவது எனக்குப் புதிது இல்லை, அடிக்கடி அசையும், மெல்லுகிற மாதிரி. டாக்டர்கூட அது தானாக வருகிற அசைவு என்றுதான் சொல்லியிருந்தார்.

"ண்ணு" என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன், என் அறையில் யாரும் இல்லை. "ரெ... ரெண்டு." குரல் மேசையிலிருந்து வந்தது. திரையின் உள்ளேயிருந்து. அந்தத் திரைக்குள் சின்னதாக ஸ்பீக்கர் இருப்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. பழைய நீலக் கேபிளில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது, இந்தக் கறுப்பில் இரண்டும் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அதை எல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை, இப்போதுதான் யோசிக்கிறேன். "மூ..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "மூணு" என்றார். நிதானமாக. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே ஒரு பஸ் போகிற அந்தப் பழைய நிதானம். கொஞ்சம் குழறல், கொஞ்சம் எச்சில், ஆனால் அவர் குரல்தான், இரண்டரை வருஷமாக நான் கேட்காத குரல், மறந்தே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த குரல். நாலு. அஞ்சு. ஆறு வருவதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. ஏழு என்று சொல்லி நின்றார். இடது கை போர்வையை இறுக்கிப் பிடித்தது. வாய் திறந்து மூடியது. அடுத்தது வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், திறந்தார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், ஒண்ணு. யாரும் இல்லாத அறையில், டீச்சரம்மா போய் ஒன்றரை வருஷம் ஆன பிறகு, தனியாக. எத்தனை நாளாக. அந்த வாய் அசைவை நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், பார்த்துக்கொண்டே பம்ப் வரைந்தேன்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வாசல்படியில் நின்றேன். பட்டறைச் சத்தத்துக்கு அடியில், காதைக் கொடுத்தால் மட்டும் கேட்கிற அளவுக்கு, அஞ்சு என்றது அந்தக் குரல். ஆறு. நான் நிற்பதை அவர் பார்க்கவில்லை. ஏழு என்றார். நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டேன், சத்தியமாகச் சொல்கிறேன், பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன், டீச்சரம்மா முகம்கூட மனசில் வந்தது. "எட்டு" என்றேன். சொல்லிவிட்டேன். அவர் தலை திரும்பியது. என்னைப் பார்த்தார், வாய் திறந்தபடி, கொஞ்ச நேரம். பிறகு வாயை மூடினார். நல்ல கையை மெல்லத் தூக்கி, விரலை நீட்டி, எனக்குப் பின்னால் இருக்கிற வழியைக் காட்டினார். போ என்கிறார். முப்பது வருஷத்தில் அவர் என்னைப் போ என்று சொன்னதே இல்லை. ஏனுங்க என்றேன், அதற்கு மேல் எனக்கு வரவில்லை, எனக்குத்தான் வரவில்லை. விரல் இறங்கவே இல்லை. திரும்பி வந்தேன்.

நடையில் லூர்து காலிப் பக்கெட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். லூர்து, அவரு பேசறாரு என்றேன். "எண்ணறதுங்களா? ஆமாங்க்கா, தெனமும் எண்ணுவாருங்க. ஆள் பக்கத்துல இருந்தா மாட்டாரு, அதுனாலதான் நானும் அந்நேரத்துக்கு மாடிக்குப் போயிருவேன்" என்றாள். எனக்கு ஏன் சொல்லல என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னுதான நெனச்சேன்? நீங்கதான் எந்நேரமும் டிவில பாத்துட்டே இருக்கறீங்களே" என்றாள். குத்திச் சொல்லவில்லை, அவளுக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

போன் அடித்தது. மேசைமேல் இருந்ததை எடுப்பதற்குள் நாலைந்து மணி அடித்துவிட்டது. ஹேமலதா மேடம். "என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா? நாளைக்குக் காலைல வண்டி அனுப்பீரலாங்களா?" வேண்டாங்க மேடம் என்றேன். மறுபடி சொன்னேன், வேண்டாங்க, அந்தப் படுக்கையை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. "ஏனுங்க, ஏதாச்சும் பிரச்சினைங்களா? இல்லத்துல ஏதும் புடிக்கலீங்களா?" இல்லீங்க, இல்லம் நல்லாருக்குதுங்க, அவருக்கு இங்க வேலை இருக்குதுங்க என்றேன். "யாருக்குங்க?" என்றார். எங்க வீட்டுக்காரருக்குங்க என்றேன். மேடத்துக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. சரிங்க, யோசிச்சுச் சொல்லுங்க என்று வைத்துவிட்டார். சிந்துஜாவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை, எனக்கு முடியாது என்பதும் மாறிவிடவில்லை, நாளைக்கும் முடியாது, அடுத்த வருஷமும் முடியாது. நாற்காலியை வலது திரைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், நான் போய்விட்டேனா என்று. வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நேராக்கி விட்டத்தைப் பார்த்தார். ஒண்ணு. ரெண்டு. மூணில் சறுக்கி மறுபடி மூணு. நாலு, அஞ்சு, ஆறு. ஏழு. இடது கை போர்வையைப் பிடித்தது. இங்கேயிருந்து நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.